நாச்சிமுத்துவின் தொப்பியோடு திருப்பூருக்கு

இந்தியாவுக்கு நான் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். போய்வந்தவர்கள் கோயில்களைப் பற்றி எழுதுகிறார்கள், கடற்கரைகளைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு எழுதக் கிடைத்தது ஒரு தொப்பி.

மலாயாவில் எங்கள் தேயிலைத் தோட்டம் மலையின் மேல் இருந்தது. காலை பத்து மணி வரை எதிரே வருகிறவன் முகம் தெரியாது. அவ்வளவு பனி. அங்கே நான் ஆபீஸ் கிராணி, கணக்கு எழுதும் குமாஸ்தா. நாச்சிமுத்து தேயிலை ஆலையில் மேற்பார்வை. காங்கேயத்துக்கும் மூலனூருக்கும் நடுவே ஒரு சிற்றூரிலிருந்து கப்பலேறி வந்தவர். ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தோம், சேர்ந்து சமைத்தோம். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் தன் சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கம்பளியை அடித்து அடித்துத் தகடாக்கியது போல் கனமான தொப்பி. அன்றிலிருந்து அது அவர் தலையை விட்டு இறங்கியதில்லை. தூங்கும்போதுகூட, குளிர் அதிகமென்றால், போட்டுக்கொண்டே தூங்குவார்.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, ஆறே நாளில் போய்விட்டார்.

அவர் மனைவி செல்லாத்தாளுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். யாரையோ வைத்து எழுதிய பதில் வந்தது. 'அவருடைய பெட்டி படுக்கை எதுவும் வேண்டாம். தலையில் போட்டிருக்கும் தொப்பி இருந்தால் அதை மட்டும் யாராவது வரும்போது கொடுத்து அனுப்புங்கள்.' நாச்சிமுத்து ஒரே ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தார், அந்தத் தொப்பியோடு. அந்த ஞாபகத்தில் கேட்கிறாள், படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பாள் என்று நினைத்தேன். 'உருக்குலையாமல் நானே கொண்டுவந்து தருகிறேன்' என்று எழுதினேன். உருக்குலையாமல் என்ற அந்தச் சொல்லை அன்றைக்கு எவ்வளவு பெருமையோடு எழுதினேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தொப்பியை வைத்திருந்த அட்டைப்பெட்டி கப்பலிலேயே நசுங்கிப்போயிற்று. கையில் வைத்துக்கொண்டால் கூட்டத்தில் இடிபடும். பையில் வைத்தால் மடங்கும். பத்திரமான இடம் தலை ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அப்படித்தான் ஒரு மே மாதத்து உச்சிவேளையில், தலையில் ஃபெல்ட் தொப்பியோடு, திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன்.

முதல் நாள். எங்கள் மலையில் வெயில் ஒரு விருந்தாளி. வந்தால் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். திருப்பூரில் வெயில்தான் வீட்டுக்காரன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் தொப்பிக்குள் மண்டை வேக ஆரம்பித்தது. வியர்வை காதோரமாக வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியது. தெருவுக்குத் தெரு பனியன் துணி நெய்யும் மெஷின்களின் இரைச்சல். காலி இடங்களிலெல்லாம் வெளுத்த துணியைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். அந்த வெள்ளையில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை.

வேலை விட்டு வந்த இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து நின்றார்கள்.

"ஏனுங்க, நீங்க சினிமாவுல நடிக்கறவீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்லம்மா."

"அப்பறம் எதுக்குங்க இந்த வெய்யல்ல இதைப் போட்டுட்டு..." முடிக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. தோட்டத்தில் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே கடைக்காரர்கள் எழுந்து நின்று, "வாங்க, உள்ளார வாங்க" என்றார்கள். பனியன் வாங்க வந்த வெளிநாட்டு வியாபாரி என்று நினைத்திருக்க வேண்டும். நானும் மறுக்கவில்லை.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம் போட்டார்கள். அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைந்த சூட்டில் நெய் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு ஊறுகாய். நாச்சிமுத்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைத்தான் செய்வார். ஆனால் அவர் செய்ததில் எப்போதும் அடி பிடித்திருக்கும். சரியாகச் செய்தால் இதன் ருசி என்ன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றி வைக்க மேசையில் ஈரமில்லாத இடம் இல்லை. போட்டபடியே சாப்பிட்டேன். பரிமாறியவர் கடைசி வரை என் தலையைப் பார்த்தே மோர் ஊற்றினார், பாதி இலைக்கு வெளியே.

நான் தங்கிய லாட்ஜில் கணக்கெழுதும் இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "பனியன் கட்டிங் வேஸ்ட் இருக்குதுங்கல்ல, அதை நனைச்சுப் புழிஞ்சு உள்ளார வெச்சுக்குங்க. ஏர்கண்டிசன் மாதிரி இருக்கும். இந்த ஊர்ல அதுக்கா பஞ்சம்?" அவரே ஒரு பிடி துணித் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நனைத்து உள்ளே வைத்துக்கொண்டேன். நெற்றிப்பொட்டில் குளிர்ச்சி இறங்கியது. சாயங்காலம் முழுவதும் அப்படியே கடைவீதியைச் சுற்றினேன். மூன்று தடவை நனைத்து வைத்தேன்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் தப்பு நடந்தது. "காங்கேயம் போகணும்" என்றுதான் கேட்டேன். ஆனால் தனியார் பஸ்காரர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கூவிக்கொண்டிருந்தார்கள். என் பையை ஒருவர் வாங்கி மேலே போட்டுவிட்டார். பையைத் தொடர்ந்து நானும் ஏறினேன். இறங்கியது பல்லடத்தில். ஒவ்வொரு வீட்டுக்குள்ளிருந்தும் விசைத்தறிச் சத்தம் வந்தது. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்வது போலிருந்தது.

"ஏனுங்க, ஏறையில சொல்லக்கூடாதுங்களா?" என்று கண்டக்டர் என்னையே கடிந்துகொண்டு, காங்கேயம் போகும் இன்னொரு பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

அந்த பஸ் பாதி வழியில் நின்றது. முன்பக்கம் மூடியைத் திறந்ததும் ஆவி பீறிட்டது. எல்லோரும் இறங்கினோம். சுற்றிலும் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடு. புல் காய்ந்து வெளுத்திருந்தது. திமில் பெருத்த காங்கேயம் காளைகள் இரண்டு, ஒரு வேலாமர நிழலுக்குள் உடம்பை அடக்கிக்கொண்டு நின்றன. கொஞ்ச தூரத்தில் ஒரு கிணறு. பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பருமனாகத் தொட்டியில் விழுந்தது. டிரைவர் வாளியோடு அங்கே நடந்தார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

பனியன் துணி எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. தொப்பிக்குள் என் மண்டை விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்து சீட்டில் வந்தவர் மூலனூர்ச் சந்தைக்குப் போகும் முருங்கைக்காய் வியாபாரி. முகம் கழுவியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, அதைக் கழட்டித் தொட்டியில முக்கி எடுத்துப் போடுங்க. மத்தியானத்துல மாட்டுக்கே தண்ணி ஊத்தறோம். உங்க தலைக்கு ஊத்தறதுக்கென்ன?"

"கெட்டுப்போகாதுங்களா?"

"துணிதானுங்க. காஞ்சாச் சரியாப் போகும்."

ஒரு நிமிஷம் தயங்கினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. தொப்பியைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினேன். எடுத்துத் தலையில் கவிழ்த்தேன். ஐயோ, அந்தச் சுகம்! தண்ணீர் கண்ணில், முதுகில், இடுப்பு வரை ஓடியது. எங்கள் மலையின் காலைப்பனி அப்படியே தலைக்குள் இறங்கியது போலிருந்தது. மறுபடி அமுக்கினேன். மூன்றாவது முறை கையால் கசக்கியும் விட்டேன். தொப்பியிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்து வாய்க்காலில் போனது. அழுக்குப் போகிறது, நல்லதுதான் என்று எண்ணினேன்.

பஸ் புறப்பட்டது. காற்று அடித்தது. காங்கேயம் வருவதற்குள் தொப்பி காயத் தொடங்கியது, காயக் காய உருவம் மாறியது. விளிம்பு ஒரு பக்கம் தொங்கியது, மறுபக்கம் மேலே சுருண்டது. உச்சி கூம்பிக்கொண்டது. காது வரை இறங்கும் தொப்பி இப்போது புருவத்துக்கு மேலேயே இறுகி நின்றது. முருங்கைக்காய் வியாபாரி வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் மனசு கேட்காமல், "தப்பா ஒரு ரோசனை சொல்லிப் போட்டனுங்களோ?" என்றார்.

இந்தக் கோலத்தில் அதைச் செல்லாத்தாளிடம் எப்படிக் கொடுப்பது? காங்கேயத்தில் இறங்கி, எண்ணெய் மில்களிலிருந்து வரும் கொப்பரை வாடையில் கால் மணி நேரம் நின்றேன். பிறகு அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூருக்கே திரும்பினேன். செல்லாத்தாளின் ஊர் காங்கேயத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரப் பயணம்தான். அன்றைக்கே போயிருக்கலாம். கோணல் தொப்பியாகவே கொடுத்திருக்கலாம். பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் லாட்ஜ் இளைஞர் என்னை ஒரு சலவைப் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கே காலண்டரிங் மெஷினில் வேலை பார்ப்பவர் மருதாசலம். கசங்கி வரும் பனியன் துணியை ஆவியில் மிருதுவாக்கி, உருளைகளுக்கு நடுவே விட்டு மட்டமாக எடுப்பது அவர் வேலை. நாற்பது வயது இருக்கும். ஆவியிலேயே நின்று நின்று முகம் பளபளவென்று இருந்தது. தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டீம் குடுத்தா எதையும் நேராக்கிப் போடலாமுங்க. இது ஆருதுங்க, உங்களுதுங்களா?"

சொன்னேன். நண்பர் இறந்ததையும், மனைவி இதை மட்டும் கேட்டு எழுதியதையும் சொன்னேன். அவர், "அப்பச் செரியாப் பண்ணிப் போடோணும்" என்று தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

முதலில் சோப்புப் போட்டு அலசினார். ஒரு பித்தளைக் குண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் தொப்பியை ஏற்றினார். ஆவிக் குழாயைத் திறந்து, அது நெகிழ நெகிழ இரண்டு கையாலும் இழுத்து இழுத்து அமர்த்தினார். உள்ளே சுற்றிலும் ஒரு தோல் பட்டை இருந்தது. நெற்றி படும் இடம். நனைந்து காய்ந்து அது விறைத்துப்போயிருந்தது.

"இதுல எண்ணெச் சிக்குப் புடிச்சு நாறுதுங்க. இதை எடுத்துப் போட்டாத்தான் உள்ளார சுத்தமா இருக்கும்" என்றார்.

"எடுத்துடுங்க" என்றேன்.

பிளேடால் தையலை அறுத்து உருவி, மூலையில் கிடந்த வேஸ்ட் குவியலில் எறிந்தார். தையல் மெஷினில் இருந்த ஒரு பெண், வெள்ளைப் பனியன் துணியை நாலாக மடித்துப் புதுப் பட்டை தைத்துக் கொடுத்தாள். மருதாசலம் பிரஷ் போட்டு, மறுபடி ஆவி காட்டி, நிழலில் வைத்து ஆற்றினார். சாயங்காலம் பார்த்தால், கடையிலிருந்து அப்போதுதான் எடுத்து வந்த தொப்பி! உச்சியில் பள்ளம் அழகாக விழுந்திருந்தது. விளிம்பு தட்டு மாதிரி நின்றது. நான் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"அந்தம்மா பாத்து என்ன சொல்றாங்கன்னு திரும்பையில சொல்லீட்டுப் போங்க" என்றார்.

நான்காம் நாள் தொப்பியைத் தலையில் வைக்கவில்லை. மருதாசலம் கொடுத்த வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டேன். தலைக்கு ஈரத்துண்டு. முதல் நாளிலிருந்தே இதைச் செய்திருக்கலாம்.

பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு மைல் நடை. பேர் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஓட்டு வீடு, வாசலில் ஒரு வேப்பமரம், கட்டுத்தறியில் ஒரு எருமை. செல்லாத்தாளுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வெள்ளைச் சேலை. என்னைப் பார்த்ததும் யாரென்று கேட்கவில்லை.

"வாங்கண்ணா. கடுதாசி கண்டதுலருந்து பாத்துட்டே இருந்தனுங்க" என்றாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிறகு மோர். பத்து வயதுப் பெண் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாச்சிமுத்துவின் மகள் பொன்னி. அப்பா ஊருக்கு வந்தபோது அவள் தொட்டில் குழந்தை.

துணியைப் பிரித்துத் தொப்பியைக் கொடுத்தேன். எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் அதன் உருவத்தைப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கவிழ்த்து, உள்பக்கத்தில் முகத்தை வைத்தாள்.

வெகு நேரம் அப்படியே இருந்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். இந்தத் தடவை இன்னும் ஆழமாக. பிறகு மெதுவாக நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்:

"தொவச்சுட்டீங்களாங்கண்ணா?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கியது. தோட்டத்தில் தொப்பி இருந்த பெட்டியைத் திறந்தபோதெல்லாம் நாச்சிமுத்து எதிரே வந்து நிற்பது போல இருந்ததே, அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவர் தலையில் தேய்க்கும் எண்ணெய், பீடி, தேயிலைத் தூள், வியர்வை. எல்லாம் அந்த வாய்க்காலில் போனது.

"வழியில மழை... மழையில நனைஞ்சுபோச்சும்மா" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு எட்டு உள்ளே வந்துவிட்டார். "மழைங்களா? எந்தப் பக்கமுங்க? நல்ல மழைங்களா, தூத்தலுங்களா?" என்றார். வேலிக்கு அப்பால் யாரையோ கூப்பிட்டு, "மழை பெஞ்சுதாமா!" என்று சொல்லவும் சொன்னார். செல்லாத்தாளும் நிமிர்ந்தாள். அந்தத் துக்கத்திலும் அவள் கண் ஒரு கணம் வானத்துக்குப் போய் வந்தது. அந்த ஊரில் எத்தனை மாதமாக மழை இல்லையோ!

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. "மழை இல்லீங்க" என்றேன். "பொய் சொல்லிட்டேன். வெயில் தாங்காம நான்தான் தண்ணியில முக்கினேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினோம். உள்ளே இருந்த பட்டையையும் எடுத்துட்டோம்."

பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வெளியே போனார்.

செல்லாத்தாள் மகளைக் கூப்பிட்டாள். "கண்ணு, இங்க வா. மோந்து பாரு." பொன்னி வந்து, அம்மா செய்தது போலவே முகத்தை உள்ளே வைத்தாள். அம்மாவை ஏமாறவிடக் கூடாது என்று அவள் முயன்றது எனக்குத் தெரிந்தது. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"சோப்பு வாசந்தாம்மா வருது" என்றாள்.

அப்போதுதான் செல்லாத்தாள் அழுதாள். சத்தமில்லாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு ஞாவகம் இருக்குதுங்கண்ணா" என்றாள். "எனக்காகக் கேக்கலீங்க. இவளுக்குத்தான். இவொப்பன் வாசம் எப்படியிருக்கும்னு ஒருக்காத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் கேட்டனுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. பனியில இருந்து வந்தவீங்க, இந்த வெய்யலு எப்படித் தாங்கும்?" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள். சாப்பிடாமல் விடவில்லை. அரிசிம்பருப்புச் சாதம்தான். வாயில் போட்டால் இறங்கவில்லை. அவருடைய பேச்சு, நடை, ஞாயிற்றுக்கிழமைச் சமையல், எது கேட்டாலும் சொன்னேன். பொன்னி என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு அடி பிடித்ததைச் சொன்னபோது சிரித்தாள். சிரிப்பு நாச்சிமுத்துவினுடையது.

புறப்படும்போது செல்லாத்தாள் தொப்பியைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"இது உங்களுக்குத்தானேம்மா" என்றேன்.

"இதுல அவரு இல்லீங்கண்ணா. இப்ப இது ஆருதோ புதுத் தொப்பி. நீங்க போட்டுட்டுப் போங்க, வெய்யக் கொளுத்துது."

கோபத்தில் சொன்னதாக இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கவலைப்பட்டது நிஜமாகவே என் தலையைப் பற்றித்தான். வாங்கிக்கொண்டேன். பஸ் வரும் இடம் வரை ஒரு மைலும் வெறுந்தலையோடு நடந்தேன்.

திருப்பூரில் இறங்கியதும் நேராகச் சலவைப் பட்டறைக்கு ஓடினேன். தோல் பட்டை கிடைத்தால் போதும். அதைத் தனியாகக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் மூலையில் வேஸ்ட் குவியல் இல்லை. பெருக்கிவிட்டிருந்தார்கள். பாய்லர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒருவர் கூடை கூடையாகக் கழிவைத் தள்ளிக்கொண்டிருந்தார். தீ நன்றாக எரிந்தது.

மருதாசலம் என்னைப் பார்த்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். தொப்பி என் பைக்குள் இருந்தது. அவருக்குத் தெரியாது.

"என்னாச்சுங்க? அந்தம்மா பாத்தாங்களா? என்ன சொன்னாங்க?"

பட்டையைப் பற்றிக் கேட்க வந்தவன், அவர் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டேன்.

"அழுதுட்டாங்க" என்றேன்.

"அழுதாங்களா!" அவருடைய பளபளத்த முகம் மலர்ந்தது. உள்ளே திரும்பி, பட்டை தைத்த பெண்ணிடம் உரக்கச் சொன்னார்: "அழுதுட்டாங்களாமா, கேட்டியா? அந்தளவுக்கு இருந்திருக்குது நம்ம வேலை."

பிறகு என் தோளைப் பிடித்து அழைத்துப் போய், எதிர்க்கடையில் டீ வாங்கிக் கொடுத்தார்.